கிணற்றடியில் தொடங்கும் தோட்டம்

தோட்டம் பார்க்கப் போவதென்றால் தையும் மாசியுமே ஏற்ற மாதங்கள் என்று வன்னியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாரி மழை ஓய்ந்து, குளங்கள் வான் பாய்ந்து முடிந்து, கிணறுகளில் தண்ணீர் மேலேறி நிற்கும் அந்த நாட்களில் எந்த வளவுக்குள் நுழைந்தாலும் கத்தரியும் தக்காளியும் காய்த்துக் கிடக்கும். வந்தவர்கள் மனம் நிறைந்து திரும்புவார்கள். எங்கள் வீட்டுத்தோட்டக் கழகம் உறுப்பினர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்தைப் பார்ப்பதற்கு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தெரிவுசெய்தபோது, சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் காலத்தில் அங்கே பார்க்க என்ன இருக்கப்போகிறது என்று சிலர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆயினும் ஆவணியிலேயே போகவேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் நானும் ஒருத்தி. தண்ணீர் தாராளமாக இருக்கும் மாதங்களில் தோட்டம் செய்பவரின் திறமை எது, மழையின் கொடை எது என்று பிரித்தறிய முடியாது. கிணறு இறங்கிக்கொண்டிருக்கும் மாதத்தில் ஒரு வளவில் மரக்கறி பச்சையாக நிற்குமானால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தே தீரும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளவே நாங்கள் போனோம்.

எங்கள் கழகத்தைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டதும், அதற்கு அடுத்த ஆண்டு எரிபொருளும் உணவும் கைக்கெட்டாத விலைக்குப் போனதும் எல்லோரும் அறிந்தவை. 2022 ஜூன் மாதத்தில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அரசாங்கம் தீர்மானித்தது. அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் எங்களில் பலர் முதன்முதலாக மண்வெட்டி பிடித்தோம். நெருக்கடி தணிந்ததும் பலரும் தோட்டத்தைக் கைவிட்டார்கள். விடாமல் செய்துவந்தவர்கள் ஒருவரோடொருவர் விதையும் நாற்றும் மாற்றிக்கொள்ளத் தொடங்கியதே கழகமாக வளர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலகங்களிலும் வங்கியிலும் வேலை செய்பவர்கள், முச்சக்கரவண்டி ஓட்டும் தம்பி ஒருவர், மாதர் சங்கத்தைச் சேர்ந்த அம்மாக்கள் என்று கலந்த கூட்டம். பரம்பரைக் கமக்காரர்கள் சிலரும் இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் பேசுவதில்லை, பேசினால் நாங்கள் எழுதிக்கொள்வோம்.

நாங்கள் பார்க்கப்போன தோட்டம் முத்தையன்கட்டுப் பக்கத்தில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் தெற்கே வந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அங்கே வழக்கம்போல வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு, மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டானை நோக்கிப் போகவேண்டும். காட்டு வழிப் பயணத்தை வர்ணிக்க எனக்கு விருப்பம் இருந்தாலும் இங்கே அது தேவையில்லை. முத்தையன்கட்டுக் குளத்தைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். பேராற்றை மறித்துக் கட்டப்பட்ட குளம் அது. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, இந்தக் குளத்தை அண்டிய மேட்டுநிலங்கள் உட்பட வன்னியின் பல பகுதிகளில் இளைஞர்கள் காடு வெட்டி உபஉணவுப் பயிர் செய்தார்கள். அக்காலத்தில் செத்தல் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டியவர்களைப் பற்றி எங்கள் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதோடு அந்த விலை போயிற்று. பின்னர் போர் வந்தது. அத்தனைக்கும் பிறகு அந்த மண்ணில் எஞ்சி நிற்கும் தோட்டப் பழக்கத்தின் ஒரு கிளையைத்தான் நாங்கள் அன்று பார்த்தோம்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைப்போம். அரை ஏக்கர் வளவு; எங்கள் கணக்கில் எட்டுப் பரப்பு. மீள்குடியேறி வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணறு மட்டும் இருந்தது, அதுவும் இடிபாடுகளால் பாதி தூர்ந்துபோயிருந்தது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் வளவைப் பார்த்து முடித்த பின்னர், தற்காலிகக் கொட்டிலைப் போடுவதற்கு முன்பாகவே கிணற்றைத் தூர்வாரத் தொடங்கியதாக அக்கா சொன்னார். தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் குசினி எங்கே, பாத்தி எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே என்று தீர்மானிக்கமுடியும் என்பது அவருடைய எண்ணம். நாங்கள் போய் இறங்கியதும் தேநீர் தந்தார். தேநீர் முடிந்ததும் பந்தலுக்கோ பாத்திக்கோ கூட்டிப்போகாமல் நேரே கிணற்றடிக்கே கூட்டிப்போனார்.

கிணற்றுக் கட்டில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு முடிச்சு. நுனியில் ஒரு கல். காலையில் இறைப்புக்கு முன்னும், இறைத்து முடித்த பின்னும், மாலையில் ஒரு தடவையும் அதை இறக்கி, எத்தனை முடிச்சு நனைகிறது என்று பார்த்து, குசினிக் கதவின் உட்புறத்தில் சோக்கட்டியால் குறித்து வைக்கிறார். கிணற்றின் குறுக்களவு பத்து அடி. எங்கள் கழகத்தின் கணித ஆசிரியர் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: பத்தடி அகலமான வட்டக் கிணற்றில் ஓர் அடி ஆழத் தண்ணீர் என்பது ஏறத்தாழ 2,200 லீற்றர். வெயில் காலத்தில் மரக்கறிப் பயிர் செழித்து வளர நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீற்றருக்கு 5 லீற்றர் ஆகிறது. ஒரு பரப்பு என்பது சுமார் 253 சதுர மீற்றர். ஆகவே ஒரு பரப்புக்கு நாளொன்றுக்கு 1,250 லீற்றருக்குச் சற்றுக் கூட. இரண்டு பரப்புச் செய்தால் கிணற்றில் ஓர் அடிக்கு மேல் இறங்கும். எட்டுப் பரப்பும் செய்தால் நாளுக்கு நாலரை அடி இறங்கும்.

அக்காவின் கிணறு ஆவணியில் ஓர் இரவுக்குள் ஒன்றரை அடிதான் ஊறுகிறது. குடிக்க, குளிக்க, மாட்டுக்கு என்று எடுத்தது போக மிஞ்சுவது ஓர் அடிக்குச் சற்றுக் கூட. ஆகவே ஆவணியில் அவர் செய்வது இரண்டு பரப்பு; அதற்கு மேல் ஒரு பாத்திகூட இல்லை. கணித ஆசிரியர் கடதாசியில் கண்டுபிடித்த விடையை அக்கா கயிற்றிலும் சோக்கட்டியிலும் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தார். “ஆசைக்கு நாலு பாத்தி கூடப் போட்டா, கடைசியிலை எல்லாப் பாத்தியும் அரைத் தண்ணியிலை நிக்கும், பிள்ளை. அரைத் தண்ணி குடிச்ச கத்தரி காய்க்கவும் மாட்டுது, சாகவும் மாட்டுது” என்றார். எங்கள் கழகத்தில் வீட்டுத்தோட்டம் செய்து கைவிட்டவர்களில் பெரும்பாலோர் கைவிட்டது ஆடிக்கும் ஆவணிக்கும் இடையில்தான். மாசியில் தொடங்கிய அத்தனை பாத்திகளையும் ஆவணி வரை காப்பாற்ற முயன்று எல்லாவற்றையும் இழந்தவர்கள் அவர்கள். எந்தப் பாத்தியை எப்போது கைவிடுவது என்பதை விதைக்கும் முன்னரே தீர்மானிக்கவேண்டும் என்பதை அவர்களுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழை பெறும் உலர் வலயத்தில் நாம் இருக்கிறோம். அந்த மழையிலும் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் நிலத்தடி நீரே கதி. குளத்தின் கீழ்ப்புறத்தில் இருக்கும் கிணறுகள் குளத்து நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பதைக் கிளிநொச்சியில் இருக்கும் எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இரணைமடுக் குளத்திலிருந்து கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விடும் காலம் முழுவதும் வாய்க்கால் கரையோரக் கிணறுகள் தளராமல் நிற்கும். வாய்க்காலைப் பூட்டியதும் இறங்கத் தொடங்கும். அக்காவின் கிணறும் முத்தையன்கட்டு வாய்க்காலின் சொற்படியே நடக்கிறது. வாய்க்கால் எப்போது பூட்டப்படும் என்பதைக் கமக்காரர் அமைப்பில் கேட்டறிந்த பின்னரே அவர் தன் கோடைப் பாத்திகளின் எண்ணிக்கையை முடிவுசெய்கிறார். நெல் விதைக்காத ஒருவர் நெல்லுக்கான தண்ணீர்க் கூட்டத்துக்குத் தவறாமல் போய் உட்காருகிறார் என்பதை எங்களில் பலர் வியப்போடு கேட்டோம். வாய்க்கால் கரையில் குடியிருந்துகொண்டு நாங்கள் எவரும் அப்படிச் செய்ததில்லை.

கிணற்றிலிருந்து எத்தனை அடி தூரத்தில் எந்தப் பயிர் நிற்கிறது என்பதுதான் அந்தத் தோட்டத்தின் வரைபடம். கிணற்றுக்கட்டை ஒட்டிய ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும். குளிக்கும் தண்ணீர் ஓடிப்போகும் பக்கத்தில் வாழை. அடுத்த வரிசையில் பசளி, முளைக்கீரை. இவை நாளுக்கு இருமுறை தண்ணீர் கேட்பவை, பூவாளியால் ஊற்றினால் போதும். அதற்கப்பால் பயற்றை, வெண்டி, கத்தரி. இன்னும் தள்ளிப் பாகலுக்கும் புடோலுக்குமான பந்தல். வேலி ஓரத்தில் கேட்காமலே வளரும் முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை. தண்ணீரே போகாத மேற்குப் புறத்தில் மாரி மழையில் ஊன்றிய மரவள்ளி. மின்மோட்டரும் நீண்ட குழாயும் இருக்கும் காலத்தில் இந்தத் தூரக்கணக்கு ஏன் என்று வங்கியில் வேலை செய்யும் தங்கை கேட்டார். மோட்டர் வைத்திருப்பவருக்குத் தண்ணீரைத் தூரத்துக்கு அனுப்புவது எளிது. அதனாலேயே அளவு தெரியாமல் போய்விடுகிறது என்பது அக்காவின் பதில். மண் வாய்க்காலில் ஐம்பது அடி ஓடும் தண்ணீரில் ஒரு பகுதியை வாய்க்காலே குடித்துவிடும். அவரிடமும் மோட்டர் இருக்கிறது. மிளகாய் வரிசைக்குச் சொட்டுநீர்க் குழாயும் போட்டிருக்கிறார். ஆனால் மின்சாரம் இல்லாத நாளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் காப்பாற்றக்கூடிய தூரத்துக்குள்தான் கோடைப் பயிர் முழுவதும் இருக்கிறது.

பாத்திகளின் அமைப்பு எங்கள் எல்லோரையும் நிற்கவைத்தது. மாரியில் நாம் எல்லோரும் மேட்டுப்பாத்தி போடுகிறோம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் அது சரியே. பலரும் அதே மேட்டுப்பாத்தியைக் கோடையிலும் வைத்துக்கொள்வார்கள். அக்கா மாரிப் பயிர் முடிந்ததும் மேட்டை வெட்டி நடைபாதையின் மேல் போட்டுவிடுகிறார். பாதை உயர்ந்து, பாத்தி ஒரு சாண் பள்ளமாகிறது. ஊற்றும் தண்ணீர் வழிந்தோட இடமில்லை. சோளகக் காற்று பாத்தியின் மேற்பரப்பை நேரடியாகத் தொடுவதுமில்லை. ஐப்பசி மழைக்கு முன் மறுபடி பாதையை வெட்டிப் பாத்தியில் போட்டு உயர்த்துவார். வருடத்துக்கு இருமுறை மண் இடம் மாறுகிறது. அதோடு பாதையில் விழுந்து உக்கிய சருகும் பாத்திக்குள் வந்துசேர்கிறது.

அந்தப் பகுதி மண் காய்ந்தால் மண்வெட்டி இறங்காதபடி இறுகிவிடும் செங்கபில மண். ஆனால் அக்கா கத்தரிப் பாத்தி ஒன்றின் ஓரத்தைக் கையாலேயே தோண்டிக் காட்டினார். மேலே இரண்டு விரல் கனத்துக்கு வைக்கோல். அதை விலக்கியதும் ஈரமான கரிய மண், அதில் வெள்ளை நூல் போன்ற பூஞ்சணப் படலம். இன்னும் கீழே அரைவாசி உக்கிய பூவரசங்குழையும் கிளிசரியாக் குழையும். இலை நரம்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அதற்கும் கீழே, முழங்கை ஆழத்தில், தும்புப் பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதைத்த பொச்சுமட்டைகள். அவற்றில் ஒன்றைப் பிடுங்கி எடுத்து அக்கா பிழிந்தபோது விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. முந்தைய நாள் மாலைக்குப் பிறகு அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. முற்பகல் பதினொரு மணி, வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. குழை தாழ்ப்பதை நம் பாட்டன்மார் பசளைக்காகச் செய்தார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். அந்தக் குழி அதன் இன்னொரு பயனை என் கண்ணுக்கு முன்னால் வைத்தது. தென்னந்தோட்டங்களில் பொச்சுமட்டை புதைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். வைகாசி முதல் ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் செடியையும் மண்ணையும் ஒருசேர உலர்த்துகிறது. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை வேருக்கு முன் அதுவே குடித்துவிடுகிறது என்று சொன்னாலும் பிழையில்லை. வளவின் தென்மேற்கு மூலையை அக்கா வெறுமையாக விடவில்லை. கிளிசரியாக் கதியால்களை நெருக்கமாக நட்டு, அதற்குள் கிடுகு வரிந்து, உட்புறம் ஒரு வரிசை வாழையும் வைத்திருக்கிறார். அந்த மறைப்புக்குப் பின்னால் நின்ற மிளகாய்ச் செடிகளில் பூ தங்கியிருந்தது. மறைப்பு முடியும் இடத்துக்கு அப்பால் நின்ற கடைசி நாலைந்து செடிகளின் கீழே பூக்கள் கொட்டிக் கிடந்தன. அதே விதை, அதே நாளில் நட்டவை, அதே தண்ணீர். தக்காளியை அவர் கோடையில் தொடுவதேயில்லை. இரவு வெக்கை தணியாத மாதங்களில் தக்காளி பூத்தாலும் பிஞ்சு பிடிப்பது குறைவு. அதற்கு ஊற்றும் தண்ணீரைப் பயற்றைக்கு ஊற்றினால் ஒரு குடும்பம் சாப்பிடலாம் என்றார்.

எங்களோடு வந்திருந்த விவசாயப் போதனாசிரியர் இளைஞர். பேச்சைவிடச் செய்து காட்டுவதில் விருப்பம் உள்ளவர். கத்தரிப் பாத்தியில் ஒரு செடி, இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு போயிருந்தது. தண்ணீர்க் குறைவு என்றார் ஒருவர். தண்டுத் துளைப்பான் என்றார் இன்னொருவர். போதனாசிரியர் செடியைப் பிடுங்கி, அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் கேட்டு வாங்கி, வெட்டுமுகம் தண்ணீரில் தொடும்படி பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற மெல்லிய நூல் ஒன்று இறங்கி, அசைந்து, தம்ளரின் அடியில் கலங்கலாகப் பரவியது. பற்றீரியா வாடல் என்றார். நோய் தண்டுக்குள் பெருகித் தண்ணீர் ஏறும் வழியை அடைத்துவிடுவதால் செடி ஈரத்தில் நின்றபடியே தாகத்தில் சாகிறது. தண்ணீர்க் குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றினால், பாத்தியிலிருந்து பாத்திக்கு ஓடும் அந்தத் தண்ணீரே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மருந்தடித்து இதைக் குணப்படுத்த முடியாது. செடியை வேரோடு எடுத்து எரிக்கவேண்டும். அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்களைச் சில போகங்களுக்கு வைக்கக்கூடாது. சுண்டைச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டி நட்டால் இந்த நோயைத் தாங்கும். அக்கா எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தச் செடி நின்ற பாத்தியிலிருந்து கீழே அடுத்த பாத்திக்குத் தண்ணீர் இறங்கும் மடையை மண்வெட்டியால் உடனே அடைத்தார்.

பூச்சிகளைப் பற்றி நீண்ட நேரம் பேச்சு நடந்தது. பாகற்பிஞ்சுகளுக்குப் பழைய பத்திரிகைத் தாளில் உறை செய்து போட்டிருந்தார். பழ ஈ முட்டையிடுவதை அது தடுக்கிறது. புடோலங்காய் சுருளாமல் நேராக வளர நுனியில் சிறு கல் கட்டித் தொங்கவிட்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். நான் குறித்துக்கொண்டது வேப்பங்கொட்டைக் கரைசலை. வேம்பு பழுத்துக் கொட்டும் காலம் அது. வளவெங்கும் மஞ்சள் பழம் மிதிபட்டது. பழத்தை எடுத்துச் சதை நீக்கி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் மாரிப் பயிருக்கு மருந்து தயார். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளிக்கவேண்டும். வெயிலில் தெளித்தால் அதன் சக்தி விரைவில் போய்விடும். கடையில் பூச்சிமருந்துக்குப் பணம் கொடுக்கும் நாம் காலடியில் விழும் வேப்பங்கொட்டையைக் கூட்டி அள்ளிக் கொளுத்துகிறோம் என்பதை நினைக்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

விதைகள் குசினிப் புகைக்கு மேலே தொங்கின. முற்றி உலர்ந்த பயற்றை நெற்றுகள் கட்டாக. சாம்பல் கலந்து உலர்த்திய கத்தரி விதை போத்தலில். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரியைத்தான் அவர் வைத்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும், முதலில் காய்த்த செடியில் அல்லாமல் ஆவணி வரை தளராமல் நின்று காய்த்த செடியிலேயே விதைக்காயை விடுகிறார். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்று எங்கள் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா சொன்னார். மாசியில் பெரிய காயைப் பார்த்து விதைக்கு விடுபவர் பெரிய காயைத் தெரிவுசெய்கிறார். ஆவணியில் விடுபவர் தாக்குப்பிடிக்கும் செடியைத் தெரிவுசெய்கிறார். கலப்பின விதைகளில் இது பலிக்காது. அவற்றின் அடுத்த தலைமுறை தாயைப் போல இராது. அதனால் கலப்பின விதையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இலைச்சுருள் நோயால் மிளகாயில் அடி வாங்கியவர்கள் விளைச்சலுக்காக அதை நாடுவதைக் குறை சொல்லமுடியாது. ஆனால் கத்தரியிலும் பயற்றையிலும் நம் கையில் இருக்கும் விதையைக் கைநழுவவிடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

குரங்கும் மயிலும் பேச்சில் வராமல் வன்னியில் எந்தத் தோட்டக்கூட்டமும் முடியாது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் அவரவர் காணியில் கண்ட குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணச் சொன்னார்கள். எங்கள் உறுப்பினர்கள் பலரும் எண்ணினார்கள். எண்ணியதோடு குரங்கு போய்விடவில்லை. அக்கா அவை அதிகம் நாடாத பாகலையும் மிளகாயையும் காட்டுப்பக்க வேலியோரமாகவும், விரும்புகின்ற வாழை, பயற்றை, வெள்ளரி முதலியவற்றை ஆள் நடமாட்டம் உள்ள கிணற்றடிப் பக்கமாகவும் வைத்திருக்கிறார். தண்ணீருக்காகப் போட்ட ஒழுங்கு குரங்குக்கும் ஓரளவு உதவுகிறது, முழுவதும் உதவவில்லை. நாய் இரண்டு இருக்கின்றன. நாற்றுமேடையை மயில் கிளறாமலிருக்க முள்ளு வளைத்து மூடியிருக்கிறார். நிரந்தரமான வழி எதுவும் எங்களிடமும் இருக்கவில்லை, போதனாசிரியரிடமும் இருக்கவில்லை.

ஆவணி ஞாயிறு விரத நாள் என்பதால் சாப்பாடு மரக்கறிதான்: குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய்க் கறி, முருங்கையிலை வறை, பாகற்காய்ப் பொரியல், மோர். தேங்காயையும் அரிசியையும் தவிர அநேகமாக எல்லாமே அந்த இரண்டு பரப்பிலிருந்து வந்தவை. மாமரத்தின் கீழே பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். கொண்டுபோன விதைகளையும் நாற்றுகளையும் அங்கேயே பரிமாறிக்கொண்டோம். எனக்குக் கத்தரி விதை கிடைத்தது.

புறப்படும்போது அக்கா எங்களை வளவின் கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போய் ஒரு கேள்வி கேட்டார். வளவிலேயே தாழ்ந்த பகுதி அது. ஆவணியில் அங்கே எதுவும் இல்லை; ஆனால் கார்த்திகை, மார்கழியில் பக்கத்து வயல் நிறைந்து அந்த மூன்று பாத்திகளும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் நிற்கும். உயர்த்திப் போட்ட மேட்டுப்பாத்திகூடக் கரைந்துவிடுகிறது. இரண்டு பரப்பைத் தண்ணீர் இல்லாமல் காப்பாற்றத் தெரிந்துகொண்டவர், இந்த மூன்று பாத்தியைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற வழி சொல்லும்படி எங்களிடம் கேட்டார். வடிகால் வெட்டி வீதியோரக் கானில் சேர்க்கலாம் என்றார் போதனாசிரியர். வெட்டி வெளியேற்றும் தண்ணீரைத்தானே ஆவணியில் தேடுகிறோம், அந்த மூலையில் ஒரு குழி வெட்டித் தேக்கினால் கிணற்றுக்கு ஊறாதா என்றார் கணித ஆசிரியர். மூன்று பாத்தியையும் கங்குன் கீரைக்கு விட்டுவிடலாம், அது தண்ணீரில் நின்றே விளையும் என்றார் மாதர் சங்கத்து அம்மா. குழி வெட்டினால் நுளம்பு பெருகும் என்று இன்னொருவர். மாங்குளம் தாண்டும்வரை வாகனத்துக்குள் இந்த வாக்குவாதம் ஓயவில்லை. கடைசியில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். எல்லோரும் தத்தம் கிணற்றுக்கு முடிச்சுக் கயிறு கட்டி, புரட்டாதி முழுவதும் காலையும் மாலையும் அளந்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும். மார்கழியில், மழை விட்டிருக்கும் ஒரு நாளில், அந்த மூன்று பாத்திகளைத் தண்ணீரோடு பார்ப்பதற்கு மறுபடி முத்தையன்கட்டுக்குப் போகவேண்டும். சப்பாத்தை வீட்டில் விட்டுவிட்டு வரும்படி அக்கா அப்போதே சொல்லிவிட்டார்.